நீட்டிய கையும் கார் கண்ணாடியில் ஒட்டிய எழுத்தும்: போர்க்கால அமெரிக்கச் சிற்றூர்ப் படங்களைப் படிப்பது எப்படி?

1942 மே மாதம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சதிங்டன் என்ற ஊர். பள்ளிப் பிள்ளைகள் நின்று தேசியக் கொடிக்கு உறுதிமொழி சொல்கிறார்கள். வலக்கையை விறைப்பாக முன்னால் நீட்டியிருக்கிறார்கள். படம் எடுத்தவர் ஃபென்னோ ஜேக்கப்ஸ். இதுபோன்ற படம் இணையத்தில் அவ்வப்போது கிளம்பி வரும். "பார், அமெரிக்காவிலும் நாஜிகள்!" என்று ஒரு வரியும் அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

அது நாஜி வணக்கம் இல்லை. உறுதிமொழி எழுதப்பட்ட 1892-லேயே அதனுடன் வந்த சைகை அது. ஹிட்லர் அப்போது மூன்று வயதுப் பிள்ளை. பிற்பாடு இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறதே என்ற சங்கடத்தில், 1942 டிசம்பர் 22 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் விதியை மாற்றி, கையை நெஞ்சில் வைக்கச் சொன்னது. சதிங்டன் படம் அதற்கு ஏழு மாதம் மூத்தது, அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து அமெரிக்கச் சிற்றூர் வாழ்க்கையைக் காட்டும் படங்கள் ஆயிரக்கணக்கில் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு இவை யாரோ போகிற போக்கில் தட்டிய நிஜ வாழ்க்கை. இன்னொரு கட்சிக்கு எல்லாமே அரசாங்கம் நடத்திய நாடகம். இரண்டுமே அவசர முடிவு.

கல்யாண ஆல்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்

கல்யாண ஆல்பம் பொய்யா? இல்லை. மாப்பிள்ளை, பெண், பந்தி, பட்டுப்புடவை எல்லாம் உண்மை. ஆனால் "கொஞ்சம் இப்படித் திரும்புங்க, மாலையை இன்னொரு தடவை போடுங்க" என்று போட்டோக்காரர் சொன்னதும் உண்மை. சமையல்கட்டில் சம்பந்திகளுக்குள் நடந்த சண்டை அதில் இருக்காது. யார் காசு கொடுத்தார்களோ அவர்களுக்குப் பிடித்ததே ஆல்பத்தில் வரும். ஆனால் பின்னணியில் தெரியும் நாற்காலி, மின்விசிறி, வாசலில் நிற்கும் காரின் மாடல் ஆகியவற்றை யாரும் ஜோடித்து வைக்கவில்லை. முப்பது வருடம் கழித்துப் பார்க்கும்போது அவைதான் அதிகம் பேசும்.

போர்க்காலச் சிற்றூர்ப் படங்களும் இதே ரகம். ஆகவே நான்கு கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. எடுக்கச் சொன்னது யார்? எப்படி எடுத்தார்கள்? கீழே எழுதியது யார்? பின்னணியில் கிடக்கும் பொருள்கள் என்ன சொல்கின்றன? நான்காவதில்தான் சுவாரசியம் அதிகம்.

எடுக்கச் சொன்னது யார்?

1935-ல், பொருளாதாரச் சரிவில் நொறுங்கிய விவசாயிகளுக்கு உதவ ஒரு அரசுத் துறை வந்தது. 1937-ல் அதன் பெயர் பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்றானது. அதற்குள் ராய் ஸ்ட்ரைக்கர் என்பவரின் கீழ் ஒரு புகைப்படப் பிரிவு இயங்கியது. வறுமையைக் காட்டும் புகழ்பெற்ற படங்கள் பலவும் அங்கே பிறந்தவை. 1942 ஜூனில் போர்த் தகவல் அலுவலகம் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் ஸ்ட்ரைக்கரின் பிரிவை அதற்குள் மாற்றினார்கள். ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். வேலைதான் மாறிவிட்டது: இனி நாட்டின் தெம்பைக் காட்ட வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும் புகைப்படக்காரரின் கையில் 'படப் பட்டியல்' ஒன்று இருக்கும். என்னென்ன காட்சி வேண்டும் என்று தலைமையகம் எழுதிக் கொடுக்கும் குறிப்பு அது. ஸ்ட்ரைக்கரின் ஆரம்பகாலப் பட்டியல்களில் ஒரு சமூகவியலாளரின் ஆர்வம் தெரியும். மாலை வேளையில் வீட்டில் என்ன செய்கிறார்கள், வருமானத்துக்கு ஏற்ப அது எப்படி மாறுகிறது, ஊரில் ஆட்கள் எங்கே கூடி நிற்கிறார்கள் என்றெல்லாம் கேட்டிருப்பார். 1942 பிப்ரவரியில் தொனி வேறு. நாட்டின்மேல் நிஜமாகவே நம்பிக்கை உள்ளவர்களாகத் தெரியும் ஆண்கள், பெண்கள், குழந்தைகளின் படம் உடனே வேண்டும், கோப்பில் இருப்பதைப் பார்த்தால் அமெரிக்கா ஒரு முதியோர் இல்லம் போலத் தெரிகிறது என்று குறைபட்டு எழுதினார்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் மார்ஜரி காலின்ஸ். 1942 நவம்பரில் பென்சில்வேனியாவின் லிட்டிட்ஸ் என்ற ஊரை அவர் விரிவாகப் படமெடுத்தார். மொரேவியச் சபைக் கிறிஸ்தவர்கள் உருவாக்கிய பழைய ஊர் அது. எலிப்பொறி செய்துகொண்டிருந்த ஆலை ஒன்று, போர் வந்ததும் துப்பாக்கிக் குண்டின் உட்கரு செய்ய மாறியது. ஆலை, கடைத்தெரு, தேவாலயம், சமையலறை என்று ஒரு ஊர் முழுக்கப் போருக்கு மாறும் விதத்தை அவர் படங்களில் பார்க்கலாம்.

எல்லோரும் ஏன் போஸ் கொடுக்கிறார்கள்?

இதற்குப் பாதிக் காரணம் அரசாங்கம் என்றால் மீதிப் பாதி வெளிச்சம். அன்றைய நல்ல கறுப்பு வெள்ளை பிலிமின் வேகம் இன்றைய கணக்கில் சுமார் 100. வீட்டுப் பல்பு வெளிச்சத்தில், லென்ஸின் துளையை நன்றாகத் திறந்து வைத்தாலும், அரை வினாடியாவது பிலிமில் வெளிச்சம் பட வேண்டும். அரை வினாடி அசையாத குழந்தை எங்கே இருக்கிறது? ஆகவே பிளாஷ் பல்பு. உள்ளே உலோக இழை அடைத்த கண்ணாடிக் குமிழ் அது. ஒரு முறை எரிந்தால் முடிந்தது.

பத்திரிகைக்காரர்கள் தூக்கித் திரிந்த பெரிய கேமராவில், 4×5 அங்குலத் தாள் பிலிம் போட்டு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றால் இவ்வளவு வேலை: பிலிம் சட்டத்தைச் செருக வேண்டும், அதன் மறைப்புத் தகட்டை உருவ வேண்டும், ஷட்டரை முறுக்க வேண்டும், எரிந்துபோன சூடான பல்பைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். எடுத்த பிறகு தகட்டைச் செருகிச் சட்டத்தைத் திருப்ப வேண்டும். தகட்டை உருவ மறந்தால் படமே விழாது. செருக மறந்து வெளியே இழுத்தால் வெளிச்சம் புகுந்து பாழ். இரட்டை லென்ஸ் கேமராவும் 35 மி.மீ. கேமராவும் இருந்தன, அவை கொஞ்சம் சுறுசுறுப்பு. ஆனாலும் இரவு நேரத்து வீட்டுக்குள் பிளாஷ் இல்லாமல் தப்பிப்பது கடினம். முதல் மின்னலுக்கே வீட்டில் எல்லோருக்கும் போட்டோக்காரர் இருப்பது தெரிந்துவிடும்.

பிளாஷ் போட்ட படத்தை அடையாளம் காண்பது சுலபம். தலைக்குப் பின்னால் சுவரில் கத்தரித்து ஒட்டியதுபோல நிழல் விழுந்திருக்கும். ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு மின்னும். முன்னால் இருப்பவர் முகம் வெளுத்து, பின்கட்டு இருட்டாகக் கிடக்கும். தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைவதுதான் காரணம். அதைப் பார்த்துவிட்டு "பாவம், வீட்டில் விளக்குகூட இல்லை" என்று எழுதுகிறவர்கள் உண்டு.

கீழே உள்ள வரி

படத்துக்குக் கீழே ஊர், மாநிலம், மாதம், ஆண்டு, பிறகு ஓரிரண்டு வாக்கியம். இதைக் 'குறிப்பு வரி' என்று வைத்துக்கொள்வோம். எடுத்த பிலிம் வாஷிங்டனுக்குப் போய்க் கழுவி, பிரதி திரும்பி வந்த பிறகு, தன் குறிப்பேட்டைப் பார்த்துப் புகைப்படக்காரர் எழுதுவது வழக்கம். இடையில் நாட்கள் ஓடியிருக்கும். பெயரில் எழுத்துப்பிழை, உறவுமுறைக் குழப்பம், மாதம் ஒன்று தள்ளிப்போவது எல்லாம் சகஜம். குறிப்பு வரியை நம்பலாம், ஆனால் சரிபார்த்துவிட்டு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அரசாங்கம் பட்டியல் கொடுத்தது, கருவி ஆட்களை அசையாமல் நிற்கவைத்தது, கொஞ்ச நாள் கழித்து ஒரு கை கீழே எழுதியது. இந்த மூன்றும் படத்தைப் பொய்யாக்கிவிடவில்லை. மனிதர்கள், வீடு, பொருள்கள் உண்மை. இனிப் பொருள்களுக்கு வருவோம்.

ரேஷன்: நம்மூர் அட்டையை மறந்துவிடுங்கள்

ரேஷன் என்றதும் நமக்கு மலிவு விலைக் கடையும் வரிசையும் நினைவுக்கு வரும். அமெரிக்கப் போர்க்கால ரேஷன் அது இல்லை. தனிக் கடை கிடையாது, மலிவு விலையும் கிடையாது. வழக்கமான மளிகைக் கடையில், முழு விலையும் கொடுத்து, அதற்கு மேல் ஒரு சீட்டையும் கொடுக்க வேண்டும். சீட்டு என்பது வாங்குவதற்கான அனுமதி மட்டுமே. கையில் காசு இருந்து சீட்டு இல்லையென்றால் பொருள் இல்லை. சீட்டு இருந்து காசு இல்லையென்றாலும் இல்லை.

நடத்தியது விலை நிர்வாக அலுவலகம் என்ற மத்திய அமைப்பு. இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று அளவு ரேஷன்: ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று நேரடிக் கணக்கு. 1942 மே முதல் சர்க்கரை இப்படித்தான், ஆளுக்கு வாரம் அரைப் பவுண்டு, சுமார் 225 கிராம். முதல் சீட்டுப் புத்தகத்தைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களே பதிந்து கொடுத்தார்கள். வேறொருவர் பயன்படுத்தாமலிருக்க வயது, உயரம், எடை, கண்ணின் நிறம்கூட அதில் எழுதியிருக்கும்.

மற்றது புள்ளி ரேஷன். டின்னில் அடைத்த பண்டங்கள் நூற்றுக்கணக்கான வகை, ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு அச்சடிக்க முடியுமா? ஆகவே ஒரு பொதுப் பை. 1943 மார்ச் 1 முதல் ஆளுக்கு மாதம் 48 நீலப் புள்ளி. பட்டாணி டின்னுக்கு 16 புள்ளி என்று வைத்துக்கொண்டால், மூன்று டின்னில் மாதக் கணக்கு தீர்ந்தது. வேறு பண்டம் வேண்டுமானால் பட்டாணியை விட வேண்டும். எது தட்டுப்பாடோ அதற்குப் புள்ளி ஏறும், மிதமிஞ்சிக் கிடந்தால் இறங்கும். பட்டியல் அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கும். இறைச்சி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, கொழுப்பு ஆகியவற்றுக்கு மார்ச் 29 முதல் சிவப்புப் புள்ளி, ஆளுக்கு வாரம் 16. கைக்குழந்தைக்கும் தனிப் புத்தகம் உண்டு என்பதால், பிள்ளைகள் நிறைந்த வீட்டில் புள்ளிக்குப் பஞ்சமில்லை, காசுக்குத்தான்.

கடைக்காரர் கதை இன்னும் பெரிய தலைவலி. வாங்கிய குட்டிக் குட்டிச் சீட்டுகளைத் தாளில் ஒட்டி, எண்ணி, வங்கியில் ரேஷன் கணக்கில் கட்ட வேண்டும். அந்தக் கணக்கில் உள்ள புள்ளிக்குத்தான் மொத்த வியாபாரி சரக்குத் தருவார். சீட்டைத் தொலைத்தால் அடுத்த சரக்கு குறையும். ஆரம்பத்தில் 8, 5, 2, 1 புள்ளிச் சீட்டுகள் இருந்தன. 1944 பிப்ரவரி 27 முதல் சீட்டுக்கு 10 புள்ளி என்று வைத்து, மீதிக்குச் சிவப்பு, நீல வில்லைகள் வந்தன. ஒரு வில்லை ஒரு புள்ளி. நகத்தளவு நார்த்தகடு, உலோகம் இல்லை. படத்தில் கல்லாப்பெட்டி அருகே அந்த வில்லை தெரிந்தால், 1944-க்கு முந்திய படமாக அது இருக்க வாய்ப்பில்லை.

காருக்குப் பெட்ரோல், உண்மையில் ரப்பருக்காக

தெருவில் நிற்கும் காரின் முன்கண்ணாடி மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு எழுத்து ஒட்டியிருக்கும். 'ஏ' என்றால் சாதாரணக் குடும்பக் கார், வாரத்துக்கு 3 அல்லது 4 காலன், அதாவது 11 முதல் 15 லிட்டர். 'பி' வேலைக்குக் காரில் போகிறவர்களுக்கு. 'சி' மருத்துவர் போன்றவர்களுக்கு. 'டி' (ஆங்கில T) லாரிக்கு. ஓட்டுபவர் பக்கம் திரும்பியிருக்கும் பின்புறத்தில், இந்தப் பயணம் அவசியம்தானா என்ற கேள்வி அச்சிட்டிருக்கும்.

கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் 1942 மே மாதமே இது தொடங்கிவிட்டது. எண்ணெய்க் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்ததால் அங்கே நிஜமாகவே எண்ணெய்த் தட்டுப்பாடு. ஆனால் டிசம்பர் 1 முதல் நாடு முழுக்க விரிவாக்கியபோது, காரணம் பெட்ரோல் இல்லை, டயர். எண்ணெய்க் கிணறு பக்கத்திலேயே இருக்கும் டெக்சாஸ்காரர்களுக்கு இது புரியாமல் எரிச்சல் வந்தது நியாயம்தான். அமெரிக்காவின் இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தது. 1942 தொடக்கத்தில் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் கையில் விழுந்தன. ஆக, லிட்டிட்ஸ் தெருவில் ஓடாமல் நிற்கும் காருக்கும் மலாயாத் தோட்டங்களில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த தமிழ்த் தொழிலாளிக்கும் நேர்க்கோடு ஒன்று உண்டு. ஜனவரியிலேயே டயர் ரேஷன் வந்தது. காருக்கு ஐந்து டயர்தான், அதற்கு மேல் இருந்தால் ஒப்படைக்க வேண்டும். வேகம் மணிக்கு 35 மைல், அதாவது 56 கி.மீ. குறைவாக ஓடினால் டயர் குறைவாகத் தேயும், ஆகவே பெட்ரோல் குழாயை இறுக்கினார்கள்.

மலாயா போனதால் வெள்ளீயமும் (டின் என்ற உலோகம்) போயிற்று. அதனால்தான் சமையலறைப் படங்களில் டின் நசுக்கும் காட்சி. லேபிளைக் கிழித்து, கழுவி, இரண்டு பக்க மூடியையும் வெட்டி உள்ளே போட்டு, காலால் மிதித்துத் தட்டையாக்க வேண்டும். புதிய பற்பசை வாங்கப் பழைய குழாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் இதனால் வந்ததுதான். அடுப்பருகே ஒரு டப்பாவில் வறுத்த கொழுப்பு சேர்ந்துகொண்டிருந்தால், அது இறைச்சிக் கடைக்குப் போகும். அதிலிருந்து கிளிசரின், கிளிசரினிலிருந்து வெடிமருந்து. 1943 டிசம்பரிலிருந்து பவுண்டுக்கு 4 சென்டும் 2 சிவப்புப் புள்ளியும் கொடுத்தார்கள். புள்ளி கொடுத்தால் கொழுப்பு தானே வரும் என்று யாரோ கணக்குத் தெரிந்தவர் யோசித்திருக்கிறார்.

சுருக்கமாக: சீட்டு என்பது தள்ளுபடி இல்லை, அனுமதி. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு தொடக்கத் தேதி. அந்தத் தேதிகள்தான் படத்தைச் சோதிக்கும் உரைகல். லிட்டிட்ஸ் படங்களையே எடுத்துக்கொள்வோம், நவம்பர் 1942. அப்போது அங்கே டயர், பெட்ரோல், சர்க்கரை ரேஷனில் இருந்தன. காப்பி 29-ம் தேதிதான் சேர்ந்தது, பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்து வாரத்துக்கு ஒரு பவுண்டு. இறைச்சியும் காலணியும் ரேஷனில் இல்லை, அவை 1943 கதை. ஆகவே அந்த மாதத்து இறைச்சிக் கடைப் படத்துக்குக் கீழே "சீட்டுடன் வரிசையில் நிற்கும் மக்கள்" என்று யாராவது எழுதினால், எழுதியவர் காலண்டரைப் பார்க்கவில்லை.

ஜன்னலில் நட்சத்திரம்

சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துணி, நடுவில் நட்சத்திரம், ஜன்னலில் தொங்கும். வீட்டிலிருந்து படைக்குப் போன ஒவ்வொருவருக்கும் ஒரு நீல நட்சத்திரம். இறந்துவிட்டால் நீலத்தின்மேல் தங்க நட்சத்திரம் தைப்பார்கள், ஓரத்தில் நீலம் மெல்லிய கோடாகத் தெரியும். கறுப்பு வெள்ளையில் நீலம் கருஞ்சாம்பலாகவும் தங்கம் வெளிர்சாம்பலாகவும் விழும். வெளிர் நட்சத்திரத்தைச் சுற்றிக் கருங்கோடு இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அந்த வீட்டுக்கு யார் திரும்பி வரமாட்டார்கள் என்பது குறிப்பு வரியில் இல்லாவிட்டாலும் அங்கே இருக்கும்.

ஆல்பத்தில் இல்லாத சண்டை

இதே தொகுப்பில் சங்கடமான படங்களும் உண்டு என்பதைப் 'பிரசாரம்' கட்சிக்காரர்கள் கவனிப்பதில்லை. 1943 செப்டம்பரில் எஸ்தர் பப்ளி பேருந்துப் பயணங்களைப் படமெடுத்தார். ஜார்ஜியா மாநிலத்தின் ரோம் என்ற சிறுநகரப் பேருந்து நிலையத்தில், கறுப்பினத்தவருக்குத் தனிக் காத்திருப்பறை என்று சுட்டும் பலகை அவர் படத்தில் அப்படியே இருக்கிறது. அரசாங்கச் சம்பளத்தில் எடுத்த படம்தான்.

மறைக்கப்பட்டதும் உண்டு. 1942 மே மாதம், கலிபோர்னியாவின் ஹேவர்ட் ஊரில், ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் தடுப்பு முகாமுக்கு ஏற்றிச்செல்லும் பேருந்துக்காகக் காத்திருந்தன. குழந்தைகளின் சட்டையில் பெட்டிக்குக் கட்டுவதுபோல அடையாள அட்டை. புகைப்படக்காரர் டொரத்தியா லாங் வேறொரு அரசுத் துறைக்காக எடுத்த படங்களில் இருப்பவை இவை. அந்த வேலையில் அவர் எடுத்த பல படங்களைப் போர் முடியும்வரை வெளியே விடவில்லை. ஸ்ட்ரைக்கரின் கோப்பை மட்டும் புரட்டுகிறவர் கண்ணில் இவை படாது.

ஒரு படம் கையில் கிடைத்தால்

கறுப்பு வெள்ளை நெகட்டிவ் சுமார் 1,75,000, வண்ணப் படங்கள் சுமார் 1,600. வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்கு 1944-ல் போய்ச் சேர்ந்தன. அரசு ஊழியர் எடுத்தவை என்பதால் பொதுவாகக் காப்புரிமை இல்லை, நூலகத் தளத்தில் பெரிய கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பகிரப்பட்டு வரும் சின்ன நகலை வைத்துக்கொண்டு ஆராயாதீர்கள், ஸ்டிக்கரில் உள்ள எழுத்தும் நட்சத்திரமும் அதில் கரைந்திருக்கும். யாரோ பிற்பாடு வண்ணம் பூசிய படமென்றால் நிறத்தைச் சாட்சிக்குக் கூப்பிடவே கூடாது.

நெகட்டிவ் எண்ணைக் கண்டுபிடியுங்கள். யுஎஸ்எஃப் என்றிருந்தால் பண்ணை நிர்வாகத்து வரிசை, யுஎஸ்டபிள்யூ என்றிருந்தால் போர்த் தகவல் அலுவலகத்து வரிசை. அந்தப் பக்கத்தில் அடுத்தடுத்த எண்ணுள்ள படங்களைக் காட்டும் ஒரு வசதி உண்டு, அதைத் தட்டுங்கள். அச்சுக்குத் தேர்வாகாத நெகட்டிவ்களுக்குக் குறிப்பு வரி இருக்காது. 'தலைப்பில்லாத படம், இன்ன படத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம்' என்று நூலகம் போட்டிருக்கும். ஒரே சமையலறையின் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்து எண்ணில் இப்படிக் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். ஒன்றில் எல்லோரும் ஒழுங்காகத் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதற்குக் குறிப்பு வரி இருக்கும். மற்றதில் குழந்தை நாற்காலியிலிருந்து இறங்கப் பார்க்கும், அம்மா கேமராக்காரரைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள்.